சிப்பி ஓட்டைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தல்

கரையோரச் சிப்பிப் பார்களை மீண்டும் அமைக்கும் முறை

முன்னுரை

தென்னந் தோட்டங்களில் உரித்த மட்டையை மரத்தினருகே குழி வெட்டிப் புதைத்தல் நெடுநாளைய வழக்கமாகும். புதைத்த மட்டை மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து வறட்சிக் காலத்தில் வேருக்கு ஈரங் கொடுக்கின்றது. அதிலுள்ள பொற்றாசுச் சத்தும் மண்ணையே சேர்கின்றது. நிலத்திலிருந்து பெற்றதில் தமக்கு வேண்டிய பகுதியை எடுத்துக்கொண்டு எஞ்சியதை நிலத்துக்கே கொடுக்கும் கமக்காரனின் தோட்டம் நீண்ட காலம் பயன் தரும். எடுப்பதையே தொழிலாகக் கொண்டவனின் தோட்டம் விரைவில் வறிதாகும்.

இவ்விதி கடலுக்கும் பொருந்தும். மனிதர் உணவாகக் கொள்ளும் சிப்பியில் இறைச்சி சிறு பங்கு. ஓடே பெரும் பங்கு. உண்டபின் குப்பையில் எறியப்படும் அவ்வோடு, அடுத்த தலைமுறைச் சிப்பி பற்றி வளர்வதற்கு இயற்கை அமைத்த இருப்பிடமாகும். ஓட்டைக் கடலிலிருந்து எடுத்து, மீண்டும் கொடாது விட்டமையால் உலகின் பல கரைகளிலே சிப்பிப் பார்கள் அழிந்தன. 2011 ஆம் ஆண்டில் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டின்படி, முன்னிருந்த சிப்பிப் பார்களில் 85 வீதமளவு அற்றுப்போயின. அவற்றை மீண்டும் அமைப்பதற்கு உணவு விடுதிகளிலிருந்து ஓடுகளைச் சேகரித்துக் கடலுக்குக் கொடுக்கும் முறை இன்று ஐக்கிய அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் கைக்கொள்ளப்படுகின்றது. அம்முறையையும் அதன் காரணத்தையும் விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

பார் என்பது யாது?

கரையோரக் கடலின் அடி பெரும்பாலும் மணலும் சேறுமாகும். இடையிடையே கல்லும் ஓடும் பதிந்த திடமான மேடுகள் காணப்படும். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் இத்தகைய இடங்களைப் ‘பார்’ என வழங்கினர். முத்துச்சிப்பி வேறு, உணவுச் சிப்பி வேறு. முத்துச்சிப்பி தன் உடலிலிருந்து சுரக்கும் நாரினாற் கல்லைப் பற்றிக்கொள்ளும். உணவுச் சிப்பியோ தன் ஓடுகளில் ஒன்றைச் சாந்து பூசியது போல அடித்தளத்துடன் ஒட்டிக்கொண்டு, பின்னர் வாழ்நாள் முழுவதும் அவ்விடத்தை விட்டு அசையாது. எனினும் இரண்டிற்கும் திடமான தளம் இன்றியமையாதது.

உணவுச் சிப்பி தனக்கு வேண்டிய பாரைத் தானே கட்டுகின்றது. ஒரு சிப்பியின் ஓட்டின்மேல் மற்றொரு சிப்பி பற்றுகின்றது. அது இறந்தபின் எஞ்சும் ஓட்டின்மேல் வேறொன்று பற்றுகின்றது. இவ்வாறு பல நூறு ஆண்டுகளில் ஓட்டின்மேல் ஓடாக உயர்ந்து சேற்றுக்கு மேலே நிற்கும் மேடே சிப்பிப் பார் ஆகும். அதனால் விளையும் நன்மைகள் பலவாகும்.

முதலாவது, நீர் தெளிவடைதல். சிப்பி நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்ணிய பாசிகளை உண்டு, மிகுதி நீரை வெளிவிடுகின்றது. உண்ணத் தகாத சேற்றுத் துகள்களைச் சளியிற் சுற்றி அடியில் இடுகின்றது. வளர்ந்த சிப்பி ஒன்று, நீரின் வெப்பமும் பிற நிலைமைகளும் ஏற்றவையாக இருக்குங்கால், நாளொன்றுக்கு 190 லீற்றர் வரையான நீரை இவ்வாறு வடிக்க வல்லது. பத்து லீற்றர் கொள்ளும் வாளியால் அளந்தால் இது 19 வாளி நீராகும். நீர் தெளியவே சூரிய ஒளி அடிவரை சென்று கடற்புற்கள் செழிக்கின்றன.

இரண்டாவது, மீன்வளம். ஓடுகளுக்கிடையேயுள்ள பொந்துகளில் நண்டும் இறாலும் சிறு மீன்களும் ஒதுங்கி வளர்கின்றன. அவற்றை நாடிப் பெரிய மீன்கள் வருகின்றன.

மூன்றாவது, கரைக் காப்பு. கரைக்கு அண்மையில் உயர்ந்து நிற்கும் பார், அலையின் வேகத்தைத் தணித்து, கரை அரிப்பைக் குறைக்கின்றது. கல்லாற் கட்டிய அணை நாளடைவிற் சிதையும். உயிருள்ள பாரோ தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

சிப்பியின் வாழ்க்கை வரலாறு

ஓட்டின் பெருமையை உணர்வதற்குச் சிப்பியின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். அமெரிக்கக் கீழைக்கரைச் சிப்பியை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கோடைகாலத்தில் நீர் வெப்பமடைந்தவுடன் ஆண் சிப்பிகள் விந்தையும் பெண் சிப்பிகள் முட்டைகளையும் நீரிற் சொரிகின்றன. ஒரு பெண் சிப்பி பல இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். கருக்கட்டல் வெளியே நீரில் நிகழ்வதால், சிப்பிகள் நெருங்கி வாழ்ந்தாலன்றி அது கைகூடாது. ஐதாகச் சிதறிக் கிடக்கும் சிப்பிகள் எத்தனை முட்டையிட்டும் பயனில்லை. இன்னுமொரு செய்தி கவனிக்கத்தக்கது. இச்சிப்பிகளிற் பெரும்பாலானவை இளமையில் ஆணாயிருந்து, பின்னர் பெண்ணாக மாறுகின்றன. ஆதலாற் பருத்த சிப்பிகளையே தெரிந்து வாரியெடுக்குமிடத்து, முட்டையிடும் பெண் சிப்பிகளே பெரும்பாலும் அகற்றப்படுகின்றன.

முட்டையிலிருந்து தோன்றும் குடம்பி இரண்டு அல்லது மூன்று கிழமைகள் நீரில் நீந்தித் திரியும். அக்காலத்திற் பெரும்பகுதி மீன்களுக்கும் பிற உயிர்களுக்கும் இரையாகின்றது. எஞ்சியவை மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்களவு பருமனடைந்ததும், ஒரு கண்புள்ளியும் தவழ்வதற்கு ஒரு சிறு பாதமும் பெற்று அடியை நோக்கி இறங்குகின்றன. குடம்பி அங்குமிங்கும் தவழ்ந்து ஏற்ற இடத்தைத் தேடும். மற்றைய சிப்பிகள் வெளிவிடும் பொருள்களை நீரில் உணர்ந்து, அவை உள்ள இடத்தையே பெரிதும் விரும்பும். எனவேதான் பழைய சிப்பி ஓடு அதற்கு மிகச் சிறந்த இருக்கையாகின்றது. இடம் கண்டவுடன் ஒரு துளிச் சாந்தைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அன்றுதொட்டு அது சிப்பிக் குஞ்சு எனப்படும். விற்கத் தகுந்த பருமனை அடைய அதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் செல்லும்.

திடமான தளத்தை அடையாத குடம்பி சேற்றில் அமிழ்ந்து இறந்துவிடும். ஓடு இருந்தும் அதன்மேற் சில மில்லிமீற்றர் தடிப்பிற் சேறு படிந்திருப்பின் நிலைமை அதுவே. ஆதலாற் கடலில் எத்தனை கோடிக் குடம்பிகள் நீந்தினாலும், அவற்றுள் எத்தனை பிழைக்கும் என்பதை அடியிலுள்ள தூய ஓட்டின் அளவே தீர்மானிக்கின்றது. நாற்றுமேடை இல்லாத வயலில் விதைநெல்லை வாரி இறைப்பதாற் பயன் யாது?

பாரின் வரவும் செலவும்

ஓடு பெரும்பாலும் கல்சியங் காபனேற்றால் ஆனது. கல்லைப்போல வலிதாகத் தோன்றினும் அது நிலையானதன்று. ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சுகள் அதனை நொறுக்குகின்றன, நீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது, சேறு மூடுகின்றது. எனவே ஒவ்வொரு பாரிலும் ஆண்டுதோறும் ஓடு ஒரு பங்கு செலவாகின்றது. முதிர்ந்து இறக்கும் சிப்பிகளின் ஓடுகள் வரவாகின்றன. வரவு செலவை விஞ்சினாற் பார் உயரும். குறைந்தாற் பார் தாழ்ந்து சேற்றில் மறையும்.

சிப்பியைப் பிடித்துக் கரைக்குக் கொண்டு செல்பவர், இன்றைய விளைச்சலுடன் நாளைய விளைநிலத்தையும் கொண்டு செல்கின்றார். நெல்லறுப்பவன் வயலின் மேன்மண்ணையும் வாரிச் செல்வதில்லை. சிப்பித் தொழிலில் மட்டும் இது நிகழ்கின்றது. ஓட்டைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பதன் அடிப்படை இதுவே.

செசபீக் குடா தரும் பாடம்

ஐக்கிய அமெரிக்காவின் கீழைக்கரையில் மேரிலாந்து, வேர்ஜினியா ஆகிய மாநிலங்களுக்கிடையே செசபீக் குடா அமைந்துள்ளது. பல ஆறுகள் வந்து கலப்பதால் அதன் நீர் கடல்நீரைவிட உவர்ப்புக் குறைந்தது. சிப்பிக்கு மிக ஏற்றது. உள்நாட்டுச் சண்டை 1865 இல் முடிந்தபின், புகையிரதப் பாதைகளும் தகரத்தில் அடைக்கும் தொழிலும் பெருகவே, இக்குடாவின் சிப்பி நாடெங்கும் விற்பனையாயிற்று. இரும்புப் பற்கள் பொருந்திய வாரிகளைப் படகின் பின்னே இழுத்துப் பார்களை வாரினர். சட்டத்தை மீறுவோரைத் தடுப்பதற்கு மேரிலாந்து 1868 இல் ஒரு சிறு காவற் கடற்படையையே அமைக்க நேர்ந்தது. 1884-85 ஆம் ஆண்டுப் பருவத்தில் அம்மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 150 இலட்சம் புசல் சிப்பி எடுக்கப்பட்டது. அங்கு சிப்பி அளக்கும் புசல் நமது நெற்புசலைவிடச் சற்றுப் பெரிது.

ஓடு எங்கே சென்றது? வீதிகளுக்குப் பரப்பப்பட்டது; சுண்ணாம்பாகச் சுடப்பட்டது; கோழித் தீனுக்கு இடிக்கப்பட்டது; தாழ்ந்த நிலங்களை நிரப்பியது. கிறிஸ்பீல்ட் என்னும் துறைமுகப் பட்டினத்தின் ஒரு பகுதி சிப்பி ஓட்டைக் கொட்டி உயர்த்திய நிலத்தின்மேலேயே எழுந்தது. பட்டினம் வளர வளரப் பார்கள் தாழ்ந்தன.

இதன் விளைவை அறிஞர் சிலர் முன்னரே கூறினர். செர்மனியிலே கார்ல் மோபியஸ் என்னும் விலங்கியற் பேராசிரியர் வடகடலின் சிப்பிப் பார்களை ஆராய்ந்து 1877 இல் ஒரு நூல் வெளியிட்டார். பார் என்பது சிப்பி மட்டுமன்றிப் பல உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் ஒரு சமுதாயம் என அவர் விளக்கினார். பிரான்சு நாட்டிலே விக்டர் கொஸ்ட் என்பவர் 1858 இல் ஓடுகளையும் விறகுக் கட்டுகளையும் கடலிலிட்டுச் சிப்பிக் குஞ்சுகளைப் பற்றச் செய்து காட்டினார். மேரிலாந்தில் வில்லியம் புறூக்ஸ் என்னும் பேராசிரியர், கிறிஸ்பீல்ட் பட்டினத்தில் 1879 இல் சிப்பியின் கருவளர்ச்சியை ஆராய்ந்து, 1891 இல் ஒரு நூல் எழுதினார். குடம்பிக்குத் தூய தளம் கொடுத்து வளர்த்தாலன்றிக் குடாவின் செல்வம் நில்லாது என்பது அவர் கூறிய அறிவுரை. அக்காலத்தில் அதனைக் கேட்டோர் சிலரே.

பின்னர் வந்த துன்பங்கள் வேறு. வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்த மண்ணும் கழிவும் பார்களை மூடின. 1950 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் இரு ஒட்டுண்ணி நோய்கள் பரவிச் சிப்பிகளைக் கொன்றன. அவை மனிதருக்குத் தீங்கற்றவை, சிப்பிக்கோ கொடியவை. இன்று அக்குடாவிலுள்ள சிப்பி, முன்னிருந்த தொகையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே என மதிப்பிடப்படுகின்றது. தலைமுறை தலைமுறையாகச் சிப்பியை நம்பி வாழ்ந்த கடற்றொழிலாளர் குடும்பங்கள் பல வேறு தொழில் தேடிச் சென்றன.

ஓட்டுக்குப் பஞ்சம் வந்தபோது, மேரிலாந்து அரசினர் 1960 முதற் சேற்றின் கீழ்ப் புதைந்து கிடந்த பழைய ஓடுகளைத் தோண்டிப் பார்களில் இட்டனர். அவ்வேலை 2006 ஆம் ஆண்டுடன் நின்றது. அதன்பின், உணவு விடுதிகளில் நாள்தோறும் குப்பையாகும் ஓட்டின்மீது கவனஞ் சென்றது. 1994 இல் நிறுவப்பட்டிருந்த ‘சிப்பி மீட்புக் கூட்டமைப்பு’ 2010 இல் விடுதிகளையும் சிப்பி வணிகரையும் சேர்த்து ஓடு சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. வட கரோலினா மாநிலம் இதனினும் ஒருபடி மேற்சென்று, சிப்பி ஓட்டைக் குப்பை மேடுகளிற் புதைப்பதை 2007 ஒக்டோபர் முதற் சட்டத்தால் தடுத்தது. நியூயோர்க் துறைமுகத்தில் 2035 ஆம் ஆண்டளவில் 100 கோடிச் சிப்பிகளை வாழச்செய்யும் நோக்குடன் ஒரு திட்டம் 2014 இல் ஆரம்பமாயிற்று. அங்கு பாடசாலை மாணவரும் இவ்வேலையிற் பங்குகொள்கின்றனர்.

ஓட்டைப் பதப்படுத்தி இடும் முறை

இவ்விடங்களிற் கைக்கொள்ளப்படும் முறையை ஏழு படிகளாக வகுக்கலாம்.

(1) சேகரித்தல். விடுதிகளுக்கு மூடியுள்ள வாளிகளும் பீப்பாய்களும் கொடுக்கப்படும. சமையலறையிலேயே ஓட்டை வேறாக இடுதல் வேண்டும். சேகரிப்போர் குறித்த நாள்களிலே பாரவண்டியில் வந்து எடுத்துச் செல்வர். வெப்பமான காலத்தில் தாமதித்தால் துர்நாற்றம் உண்டாகி, விடுதிக்காரரின் ஒத்துழைப்புக் குன்றும். திட்டம் நிலைப்பதும் அழிவதும் பெரும்பாலும் இந்த முதற்படியிலேயே உள்ளது.

(2) தெரிதல். தேசிக்காய்த் துண்டு, கடதாசி, கரண்டி, நெகிழிப் பொருள் முதலியவற்றை அகற்றுதல் வேண்டும். மட்டி, கிளிஞ்சில் முதலியவற்றின் ஓடுகளும் ஓரளவிற்குப் பயன்படும். ஆயினும் சிப்பி ஓட்டின் வளைவும் சொரசொரப்பும் குஞ்சுக்கு அதிக இடமும் மறைவும் கொடுக்கும்.

(3) வெயிலிற் பதப்படுத்தல். இது மிக முக்கியமானது. பச்சை ஓட்டை உடனே கடலில் இடுதல் கூடாது. வேறிடத்துச் சிப்பியின் நோய்க் கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் அந்நிய உயிர்களின் முட்டைகளும் ஓட்டோடு வந்து, நல்ல பாரையும் கெடுத்தல் கூடும். ஆகவே ஓடுகளைத் திறந்த வெளியிற் குவித்து, வெயிலும் மழையும் படும்படி விடுவர். தென் கரோலினாவில் ஆறு மாதங்களும், மேரிலாந்திலும் நியூயோர்க்கிலும் ஓராண்டளவும் இவ்வாறு வைக்கப்படுகின்றன. குவியலின் உட்பகுதிக்கும் வெயில் படுமாறு இடையிடையே புரட்டுதல் நன்று. ஒட்டியிருந்த சதை பூச்சிகளாலும் வெயிலாலும் முற்றாக அற்றுப்போதல் வேண்டும்.

(4) கழுவுதல். பதமடைந்த ஓட்டை வேகமான நீரால் அலசி, தூளையும் மண்ணையும் அகற்றுவர். உடைந்து மணலாகிய துண்டுகள் ஓடுகளின் இடைவெளிகளை அடைத்துவிடுமாதலால் அவற்றை அரித்து நீக்குவர்.

(5) குஞ்சு பற்றச் செய்தல். குடாவிற் குடம்பிகள் போதியளவு இருக்குமிடத்து வெற்றோட்டை இடுவதே போதும். தாய்ச் சிப்பிகள் அருகிய இடத்தில், குஞ்சு பற்றிய ஓட்டையே இடுதல் வேண்டும். மேரிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகருக்கு அண்மையிலுள்ள ஹோர்ன் பொயின்ற் ஆய்வுகூடத்தில் இதற்கென ஒரு பெரிய குஞ்சு பொரிப்பகம் உண்டு. அங்கு தாய்ச் சிப்பிகளை இளஞ்சூடான நீரில் வைத்து முட்டையிடத் தூண்டி, குடம்பிகளை வளர்ப்புப் பாசி கொடுத்து வளர்க்கின்றனர். கழுவிய ஓடுகளைக் கம்பிக் கூடுகளில் நிரப்பிப் பெருந் தொட்டிகளில் இறக்கி, குடாவின் நீரை நிரப்பி, பற்றும் பருவத்துக் குடம்பிகளை அதில் விடுவர். இரண்டு மூன்று நாள்களில் அவை ஓடுகளிற் பற்றிக்கொள்ளும். ஓர் ஓட்டிற் பல குஞ்சுகள் பற்றும்; நாள் செல்ல இடநெருக்கத்தாற் சில இறந்து, வலியவை எஞ்சும்.

(6) பாரில் இடுதல். அடி திடமாயும், சேறு குறைந்ததாயும், நீரோட்டம் உள்ளதாயும் இருக்கும் இடத்தையே தெரிதல் வேண்டும். முன்னர் பார் இருந்த இடம் மிகச் சிறந்தது. ஓட்டைப் பரந்த இடத்தில் மெல்லிதாகத் தூவுவதிலும், குறுகிய இடத்தில் உயரமாக இடுவது நன்று. உயர்ந்த பாரைச் சேறு எளிதில் மூடாது. நீரோட்டம் உணவைக் கொணரும். கோடையில் அடிநீரில் ஒட்சிசன் குறையுங்கால் மேலுள்ள சிப்பிகள் பிழைக்கும். கரையோரத்தில் வற்று நீருக்கு வெளியே தெரியும் பார்களை அமைப்போர், ஓட்டை வலைப் பைகளிற் கட்டி, கரைக்கு இணையாக வரிசையாய் அடுக்குகின்றனர். நெகிழி வலை நாளடைவிற் கடலில் நுண்டுகளாகுமாதலால், அதற்குப் பதிலாக மக்கும் நார்ப் பைகளையும் பிற பொருள்களையும் பயன்படுத்தும் முயற்சி நடைபெறுகின்றது.

வெற்றோட்டை இடும் காலமும் கவனிக்கப்பட வேண்டியது. குடம்பிகள் இறங்குவதற்குச் சற்று முன்னரே அதனை இடுதல் வேண்டும். பல மாதங்கள் முந்தி இட்டால் ஓட்டின்மேற் சேறும் பாசியும் கொட்டலசும் படிந்து குடம்பிக்கு இடமில்லாது போகும். உழுது வைத்த நிலத்தை விதைக்காது விட்டாற் களை முளைப்பதைப் போன்றதே இது. குடம்பிகள் இறங்கும் காலத்தை அறிவதற்கு, துளையிட்ட ஓடுகளைக் கம்பியிற் கோத்துச் சரமாக நீரிற் றொங்கவிட்டு, கிழமைதோறும் எடுத்துப் பார்த்துக் குஞ்சுகளை எண்ணுவர். வேர்ஜினியாவில் இம்முறை நெடுங்காலமாக வழங்குகின்றது. இதற்குப் பெருஞ் செலவில்லை. ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் பொறுமையும் வேண்டும்.

(7) காத்தலும் கணக்கெடுத்தலும். புதிய பாரிற் சிப்பி எடுத்தலைத் தடைசெய்து, மூன்றாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் அளந்து பார்க்கின்றனர். செசபீக் குடாவில் ஒரு சதுர மீற்றருக்கு 50 சிப்பிகள் இருத்தல் இலக்காகும். குறைந்தது 15 ஆயினும் இருத்தல் வேண்டும். பாரின் பரப்பில் 30 வீதத்திலாவது இவ்வளவு காணப்பட்டாலன்றி அது வெற்றியெனக் கொள்ளப்படுவதில்லை.

இம்முறையில் ஹரிஸ் சிற்றாற்றில் 350 ஏக்கர் பரப்பிற் பார்கள் அமைக்கப்பட்டு, குஞ்சிடும் வேலை 2015 இல் நிறைவேறியது. 200 கோடிக்கு மேற்பட்ட சிப்பிக் குஞ்சுகள் அங்கு இடப்பட்டன. குடாவைச் சூழ்ந்த மாநிலங்கள் 2014 இற் செய்த உடன்படிக்கை, 2025 ஆம் ஆண்டளவிற் பத்துக் கிளையாறுகளில் இவ்வேலையைச் செய்வதை இலக்காகக் கொண்டது.

ஓடு மட்டும் போதுமா?

இம்முறையின் எல்லைகளையும் அறிந்திருத்தல் நன்று.

முதலாவதாக, விடுதிகளிலிருந்து கிடைக்கும் ஓடு தேவைக்குப் போதாது. ஆதலாற் கருங்கல், சுண்ணாம்புக்கல், நொறுக்கிய கொங்கிறீற்று முதலியவற்றை அடியில் இட்டு, அவற்றின்மேற் குஞ்சு பற்றிய ஓட்டைப் பரப்புகின்றனர். அருமையான ஓட்டை அடித்தளத்துக்குச் செலவிடாது மேற்பரப்புக்கு வைத்துக்கொள்ளும் சிக்கனம் இது. எனினும் தூண்டிற் கயிறும் வாரியும் கல்லிற் சிக்குகின்றன என மீனவர் சிலர் குறைகூறியதுண்டு. இடத்தைத் தெரியும்போது தொழில் செய்வோரின் கருத்தைக் கேட்பது இதனால் அவசியமாகின்றது.

இரண்டாவதாக, பார் அழிந்த காரணம் நீங்காதிருப்பின் ஓடிட்டும் பயனில்லை. மேட்டுநிலத்து மண் ஆண்டுதோறும் ஆற்றோடு வந்து இறங்குமாயின், இட்ட ஓடு சில ஆண்டுகளிற் சேற்றின் கீழ் மறையும். வரம்பு கட்டி மண்ணைத் தோட்டத்தில் நிறுத்தும் கமக்காரன், தான் கண்டிராத ஒரு பாரையும் காக்கின்றான். பசளையை அளவுக்கு மிஞ்சி இட்டு நீரோடு கழியவிடுபவன், கழிமுகத்துப் பாசியைப் பெருகச் செய்து அடிநீரின் ஒட்சிசனைக் குறைக்கின்றான். கடலின் நோய்க்கு மருந்தின் ஒரு பங்கு நிலத்திலே உள்ளது.

மூன்றாவதாக, மாசடைந்த நீரிலுள்ள சிப்பி அம்மாசைத் தன் உடலிற் சேர்த்துக்கொள்ளும். நீரைத் தெளிவிக்கவென வளர்க்கும் பாரின் சிப்பி உணவுக்கு உகந்ததன்று. நியூயோர்க் துறைமுகத்துச் சிப்பிகளை உண்ணலாகாது எனத் தடையுள்ளமை இதனாலேயாம்.

நான்காவதாக, ஓட்டுக்கு வேறு பயன்களும் உண்டு. இடித்த ஓடு முட்டையிடும் கோழிக்குச் சுண்ணச் சத்துக் கொடுக்கின்றது. சுட்ட ஓடு புளிப்பு நிலத்தைத் திருத்துகின்றது. இவை நல்ல பயன்களே. ஆயினும் இவ்விரண்டிற்கும் நிலத்திற் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லையும் தொலமைற்றையும் கொள்ளலாம். சிப்பிக் குடம்பிக்குத் தன் இனத்தின் ஓட்டுக்கு நிகரான இருக்கை வேறில்லை. எனவே உயிருள்ள பாரிலிருந்து எடுத்த ஓட்டில் முதலுரிமை பாருக்கே உரியது.

இலங்கைக்கு இதனால் அறியத்தக்கவை

கடலடியைத் திருத்திச் சிப்பி வளர்க்கும் எண்ணம் இலங்கைக்குப் புதியதன்று. மன்னார் முத்துப் பார்களில் விளைவு தவறியதன் காரணத்தை அறிவதற்கு 1902 இல் இங்கு வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் ஆகியோர் பார்களை நேரிற் கண்டு ஆராய்ந்தனர். குஞ்சுகளை நல்ல இடத்துக்கு மாற்றி இடுதல், நெருக்கமான இடத்தில் ஐதாக்குதல், குஞ்சு பற்றுவதற்குக் கல்லும் ஓடும் பரப்புதல் என்பன அவர் கூறிய வழிகளாகும். இனம் வேறாயினும், திடமான தளம் வேண்டும் என்னும் உண்மை ஒன்றே.

உணவுச் சிப்பி புத்தளங் களப்பு, திருகோணமலை முதலிய இடங்களில் இயற்கையாக வளர்கின்றது. கல்லிலும் கண்டல் மரங்களின் வேரிலும் அது பற்றும். வெப்ப நாட்டுக் களப்புகளிற் கண்டல் வேரே பல இடங்களில் ஓட்டின் வேலையைச் செய்கின்றது. ஆதலாற் சிப்பிக்காகக் கண்டல் வேரை வெட்டி எடுத்தல், ஓட்டைச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்புவதற்குச் சமமாகும். சிப்பியைக் கத்தியாற் பெயர்த்து, வேரை விட்டுவிடுதலே முறையாகும். பெருஞ் சிப்பிகள் சிலவற்றை விதைக்கென விட்டுவைத்தலும் நன்று.

சூளையால் வரும் கேட்டை இத்தீவின் கரைகள் வேறு வகையில் அனுபவித்துள்ளன. தென்மேற்குக் கரையிலே பவளக் கல்லைத் தோண்டிச் சுண்ணாம்பு சுட்டமையாற் கரை அரிப்பு மிகுந்தது. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டு, கரையோர வலயத்திற் பவளத்தைத் தோண்டுதலும் சுடுதலும் தடைசெய்யப்பட்டன. உயிர்கள் கட்டிய கல்லை மனிதர் சுட்டு விற்றால், அதன் விலையைக் கரையிலுள்ள வீடும் தென்னையும் செலுத்த நேரிடும் என்பதற்கு இஃது அண்மையிலுள்ள சான்றாகும்.

களப்புகளிற் சிப்பி பிடிப்போரும், வளர்ப்போரும், அதனை வாங்கும் விடுதிக்காரரும் செய்யத்தக்க எளிய செயல் ஒன்றுண்டு. அது ஓட்டைக் குப்பையோடு சேர்க்காது வேறாகக் குவித்து வைத்தலாகும். குவியல் வெயிலிற் காய்வதற்குச் செலவில்லை. ஓட்டுச் சரம் கட்டித் தங்கள் களப்பிற் குஞ்சு எம்மாதத்தில் இறங்குகின்றது என்பதை அறிந்து குறித்து வைத்தலும் இலகுவே. ஆயினும் களப்பிலோ கடலிலோ எதனையும் இடுவதற்கு முன்னர், கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தினதும் கரையோரம் பேணற் பகுதியினதும் அனுமதியைப் பெறுதல் வேண்டும். ஓரிடத்து ஓட்டை வேறொரு களப்புக்குக் கொண்டு செல்லுதல் நோயைக் கொண்டு செல்லுதலாகவும் முடியும். பிறநாட்டுச் சிப்பியின் ஓட்டை ஒருபோதும் நீரில் இடலாகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சிப்பிக் குடம்பி பற்றுவதற்குத் தூய, திடமான தளம் வேண்டும். சிப்பி ஓடே அவற்றுட் சிறந்தது.

2. ஓட்டை வேறாகச் சேகரித்து, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வெயிலிற் பதப்படுத்தாது நீரில் இடலாகாது.

3. குடம்பி இறங்கும் காலத்தைச் சரம் கட்டி அறிந்து, அதற்குச் சற்று முன்னர் ஓட்டை இடுதல் வேண்டும்.

4. குறுகிய இடத்தில் உயரமாக இடுதல் வேண்டும். சேறு இறங்கும் இடத்தைத் தவிர்த்தல் வேண்டும்.

5. புதிய பாரைச் சில ஆண்டுகள் தொடாது காத்து, அளந்து பார்த்தல் வேண்டும்.

6. மேட்டுநிலத்து மண்ணைக் காத்தலும் பார் காத்தலின் ஒரு பகுதியாகும்.

7. உரிய அனுமதியின்றி எதனையும் களப்பிலும் கடலிலும் இடலாகாது.

செசபீக் குடாவின் பார்களை வாரி முடிக்க ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலமே சென்றது. அவற்றின் சிறு பங்கை மீண்டும் அமைப்பதற்கு அம்மக்கள் இன்றும் பெரும் பொருளும் உழைப்பும் செலவிடுகின்றனர். இருக்கும் பாரைக் காத்தல், இழந்த பாரை அமைப்பதிலும் மிக எளிது. ஓடு குவியும் ஒவ்வொரு சமையற்கட்டிலும் படகுத்துறையிலும் இவ்வேலையைத் தொடங்கலாம்.